பொம்மைக் காருக்குப் பாக்கி வாங்காதீர்கள்!

பள்ளிபாளையத்தில் ஒரு தறிப்பட்டறை. வாரக் கூலி கொடுக்கும் நேரம். ஒரு தொழிலாளி முதலாளியின் முன்னால் தலையைச் சொறிந்துகொண்டு நின்றார்.

"அண்ணா, ஒரு அஞ்சாயிரம் பாக்கி வேணுங்க."

"எதுக்கப்பா? வீட்டிலே யாருக்காவது உடம்பு சரியில்லையா?"

"அதெல்லாம் இல்லீங்க. பையன் ரிமோட் கார் கேக்கறானுங்க. ரெண்டு நாளா சரியாச் சோறு திங்கல."

முதலாளி சிரித்தார். கூலி வாங்க நின்றவர்களும் சிரித்தார்கள். தறியைப் பழுது பார்க்க வந்திருந்த நான் மட்டும் சிரிக்கவில்லை.

ஏன் தெரியுமா? அதே தவறை நானும் ஒரு முறை செய்தவன்!

இந்தப் பக்கத்து வாசகர்களுக்குப் "பாக்கி" என்றால் என்ன என்று சொல்லத் தேவையில்லை. வெளியூர் வாசகர்களுக்காகச் சொல்கிறேன். தறித் தொழிலாளி முதலாளியிடம் வாங்கும் முன்பணத்துக்குப் பெயர்தான் பாக்கி. அதை வாங்குவது எளிது. அடைப்பது கடினம். அடைக்கும் வரையில் வேறு பட்டறைக்குப் போக முடியாது. கல்யாணத்துக்கு வாங்கிய பாக்கியை, பிறந்த குழந்தை பள்ளிக்கூடம் போகும் வரையில் கட்டிக்கொண்டிருப்பவர்கள் உண்டு.

அப்படிப்பட்ட பாக்கியை ஒரு பொம்மைக் காருக்காக வாங்கலாமா? கூடாது! கூடவே கூடாது!

"அப்படியானால் பிள்ளைகளுக்கு ரிமோட் காரே வேண்டாம் என்கிறீர்களா?" என்று கேட்பீர்கள்.

இல்லை. வாங்குங்கள் என்றுதான் சொல்கிறேன். ஆனால் எதை வாங்குவது, எப்படி வாங்குவது, வாங்கியபின் என்ன செய்வது என்று தெரிந்துகொண்டு வாங்குங்கள். அதைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரை.

மூன்று நாள் கார்

முதலில் என் கதையைச் சொல்லிவிடுகிறேன்.

என் மகனுக்கு அப்போது 10 வயது. ஒரு கடையில் சிவப்புக் கார் ஒன்றைப் பார்த்தான். பளபள என்று இருந்தது. கதவு திறந்தது. விளக்கு எரிந்தது. பாட்டுக்கூடப் பாடியது. விலை 1,800 ரூபாய். எனக்கு அது மூன்று, நாலு நாள் வருமானம். கையில் பணம் இல்லை. வேலை செய்யும் இடத்தில் முன்பணம் வாங்கிக்கொண்டு போய் வாங்கினேன்.

முதல் நாள் தெருவே கூடி வேடிக்கை பார்த்தது. இரண்டாம் நாள் கார் சுவரில் மோதியது. மூன்றாம் நாள் மோட்டார் சுற்றும் சத்தம் கேட்டது. ஆனால் சக்கரம் சுற்றவில்லை.

திறந்து பார்த்தேன். உள்ளே ஒரு சின்னப் பிளாஸ்டிக் பல்சக்கரம். அதில் இரண்டு பல் உடைந்திருந்தது. அவ்வளவுதான். தறியாக இருந்தால் பத்து நிமிடத்தில் மாற்றியிருப்பேன்.

கடைக்குப் போய்க் கேட்டேன். "அதுக்கெல்லாம் பார்ட்ஸ் வராதுங்க. புதுசு ஒண்ணு வாங்கிக்குங்க" என்றார் கடைக்காரர்.

இரண்டு ரூபாய்ச் சாமான் இல்லாமல் 1,800 ரூபாய்க் கார் குப்பைக்குப் போயிற்று. கார் போய்விட்டது. பாக்கி போகவில்லை!

அன்று ஒரு பாடம் படித்தேன். பழுது பார்க்க முடியாத சாமானை ஏழை வாங்கக் கூடாது.

இரண்டு வகைக் கார்கள்

ரேடியோவால் ஓடும் கார்களில் இரண்டு வகை உண்டு.

ஒன்று, பொம்மைக் கார். இது கடைவீதியில் கிடைக்கும். விசையை அழுத்தினால் முழு வேகத்தில் ஓடும். விட்டால் நின்றுவிடும். நடுவில் வேகம் கிடையாது. இடது பக்கம் திருப்பினால் முழுவதும் திரும்பும். கொஞ்சமாகத் திரும்பாது. பழுதானால் உதிரிப் பாகம் கிடைக்காது.

இன்னொன்று, பொழுதுபோக்குக் கார். விரலை எவ்வளவு அழுத்துகிறோமோ அவ்வளவு வேகம் போகும். கைச்சக்கரத்தை எவ்வளவு திருப்புகிறோமோ அவ்வளவு திரும்பும். பல்சக்கரம், அச்சு, சக்கரம், மோட்டார், திருகாணி ஒவ்வொன்றும் தனியாக விலைக்குக் கிடைக்கும். உடைந்ததை மட்டும் மாற்றலாம். பல வருஷம் ஓட்டலாம்.

கடையில் நின்றுகொண்டே இரண்டையும் கண்டுபிடிக்க ஒரு வழி சொல்கிறேன். கைச்சக்கரத்தைக் கொஞ்சமே கொஞ்சம் திருப்புங்கள். காரின் முன் சக்கரமும் கொஞ்சமாகத் திரும்புகிறதா? அது நல்ல கார். கொஞ்சம் திருப்பியதற்கே முழுவதும் ஒடிந்து திரும்புகிறதா? அது பொம்மைக் கார்.

இரண்டாவது கேள்வியைக் கடைக்காரரிடம் கேளுங்கள். "இதன் முன் கை உடைந்தால் தனியாகக் கிடைக்குமா? என்ன விலை?" முன் சக்கரத்தைத் தாங்கும் கைதான் முதலில் உடையும். அது கிடைக்காது என்றால் காரை வைத்துவிட்டு நடையைக் கட்டுங்கள்.

சின்னக் குழந்தைகளுக்குப் பொம்மைக் கார்தான் வாங்க வேண்டும் என்றால் ஐ.எஸ்.ஐ. முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள். 14 வயதுக்கு உட்பட்ட குழந்தைகளின் பொம்மைகளுக்கு 2021 ஜனவரி 1 முதல் இந்த முத்திரை கட்டாயம் என்று மத்திய அரசு சட்டம் செய்திருக்கிறது.

காற்றில் போகும் கட்டளை

கம்பி இல்லை. கயிறு இல்லை. நாம் இங்கே விசையை அழுத்துகிறோம். கார் அங்கே ஓடுகிறது. எப்படி?

கையில் இருப்பது அனுப்பும் கருவி. காருக்குள் இருப்பது வாங்கும் கருவி. நாம் விசையை அழுத்தினால் அது ரேடியோ அலையாகிக் காற்றில் போகிறது. வாங்கும் கருவி அதைப் பிடிக்கிறது. பிடித்ததும் இரண்டு வேலைக்காரர்களுக்கு உத்தரவு போடுகிறது.

ஒரு வேலைக்காரன், வேகக் கருவி. இவன் பேட்டரியிலிருந்து மோட்டாருக்கு எவ்வளவு மின்சாரம் போக வேண்டும் என்று அளந்து விடுகிறான். இன்னொரு வேலைக்காரனுக்குப் பெயர் சர்வோ. முன் சக்கரங்களை இடமும் வலமும் திருப்புகிறவன் இவன்.

அவ்வளவுதான். இதில் மாயமும் இல்லை, மந்திரமும் இல்லை.

ஆனால் முதலில் பார்த்தவர்கள் மந்திரம் என்றுதான் நினைத்தார்கள். 1898-ம் ஆண்டு நியூயார்க் நகரத்தில் நிக்கோலா டெஸ்லா என்ற விஞ்ஞானி ஒரு சின்னப் படகைத் தண்ணீரில் விட்டு, தூரத்தில் நின்றபடியே ஓட்டிக் காட்டினார். "இது மந்திர வித்தை" என்றார்கள் சிலர். "உள்ளே பழக்கிய குரங்கு இருக்கிறது" என்று சொன்னவர்களும் உண்டாம்!

அதற்கும் முன்பே நம் நாட்டில் ஜகதீச சந்திர போஸ் கல்கத்தாவில் கம்பியில்லா அலையை அனுப்பி, தூரத்தில் இருந்த மணியை அடிக்க வைத்தார். வெடிமருந்தையும் வெடிக்க வைத்தார். இந்த வித்தைக்கு நாம் புதியவர்கள் அல்ல.

1947-ல் டிரான்சிஸ்டர் கண்டுபிடிக்கப்பட்டது. அதன் பிறகு ரேடியோக் கருவிகள் சின்னதாகிவிட்டன. ஒரு பொம்மைக்குள்ளேயே வைக்க முடிந்தது. 1966-ல் இத்தாலி நாட்டில் ரெஜியோ எமிலியா என்ற ஊரில் உள்ள ஒரு கம்பெனி, பெராரி காரைப் போல ஒரு சிறு ரேடியோ காரைச் செய்து விற்றது. 1976-ல் ஜப்பான் நாட்டு தாமியா கம்பெனி தன் முதல் ரேடியோ காரை வெளியிட்டது.

இந்தத் தாமியா கம்பெனி எப்படித் தொடங்கியது தெரியுமா? 1946-ல் அது ஒரு மரம் அறுக்கும் பட்டறை! மரத்தில் சின்னக் கப்பல், சின்ன விமானம் செய்யத் தொடங்கி, பிறகு உலகம் அறிந்த கம்பெனி ஆகிவிட்டது. பட்டறைதானே என்று யாரும் பட்டறையைக் கேவலமாக நினைக்க வேண்டாம்.

பழைய கார்களில் ஒரு தொல்லை இருந்தது. இரண்டு பேர் ஒரே அலைவரிசையில் ஓட்டினால், ஒருவர் அழுத்த இன்னொருவர் கார் ஓடும்! இப்போது வரும் கார்கள் 2.4 கிகாஹெர்ட்ஸ் என்ற அலையில் வேலை செய்கின்றன. அனுப்பும் கருவியும் வாங்கும் கருவியும் முதலிலேயே ஒன்றையொன்று அடையாளம் கண்டுகொள்கின்றன. பத்துப் பேர் ஒரே மைதானத்தில் ஓட்டினாலும் குழப்பம் இல்லை. இந்த அலையில் குறைந்த சக்தியோடு வேலை செய்யும் கருவிகளுக்கு நம் நாட்டில் லைசென்சும் தேவையில்லை.

எந்தக் கார் நல்லது?

நம் ஊர் மண்ணைப் பார்த்து வாங்க வேண்டும். வழவழப்பான தரையில் ஓடும் பந்தயக் கார் நமக்கு ஆகாது. நம் தெருவில் ஜல்லி உண்டு. குழி உண்டு. புழுதி உண்டு. ஆகவே பெரிய சக்கரமும், தரையிலிருந்து நல்ல உயரமும், நாலு பக்கமும் ஸ்பிரிங்கும் உள்ள கார்தான் நமக்கு ஏற்றது.

மெதுவாக ஓடிக் கல்லின் மேல் ஏறும் கார் ஒன்று உண்டு. வீட்டு வாசலில் நாலு செங்கல் அடுக்கினால் போதும், அதற்கு அதுவே மலை! இடம் இல்லாதவர்களுக்கும் சின்னப் பிள்ளைகளுக்கும் இதுவே சிறந்தது என்பது என் அபிப்பிராயம்.

பெட்டியின் மேல் 1:10, 1:18 என்று போட்டிருக்கும். பயப்பட வேண்டாம். 1:10 என்றால் உண்மையான காரில் பத்தில் ஒரு பங்கு. 4 மீட்டர் நீளமுள்ள கார் 40 சென்டிமீட்டர் ஆகிவிடும். 1:18 என்றால் அது சுமார் 22 சென்டிமீட்டர். புதிதாகத் தொடங்குகிறவர்களுக்குச் சின்னது போதும். சின்னதற்கு உதிரிப் பாகமும் மலிவு, பேட்டரியும் மலிவு.

வேகத்தைப் பார்த்து ஏமாறாதீர்கள். மணிக்கு 50 கிலோமீட்டர், 60 கிலோமீட்டர் என்று பெட்டியில் போட்டிருப்பார்கள். மணிக்கு 30 கிலோமீட்டர் என்றாலே நொடிக்கு 8 மீட்டர்! "ஐயோ" என்று நாம் சொல்வதற்குள் கார் 8 மீட்டர் போய்விடும். வேகம் இரண்டு மடங்கானால் மோதும் அடி நாலு மடங்காகும். முதல் மாதத்தில் நடக்கும் வேகமும் ஓடும் வேகமும் போதும். பல கார்களில் வேகத்தைக் குறைத்து வைக்கத் தனித் திருகு உண்டு. அதைக் குறைத்து வைத்துவிட்டுக் கொடுங்கள்.

நெருப்போடு விளையாடாதீர்கள்!

இப்போது சொல்லப் போவதைத் தாய்மார்கள் கவனமாகப் படிக்க வேண்டும்.

நம் வீடுகளில் தறி இருக்கிறது. நூல் மூட்டை இருக்கிறது. மூலை முடுக்கெல்லாம் பஞ்சுத் தூசி இருக்கிறது. ஒரு பொறி போதும்!

எங்கள் தெருவில் ஒரு வீட்டில் நடந்தது இது. பையன் கார் பேட்டரியை நூல் மூட்டையின் மேல் வைத்துச் சார்ஜ் போட்டான். அது வேறு காருக்கு உரிய சார்ஜர். போட்டுவிட்டு விளையாடப் போய்விட்டான். கொஞ்ச நேரத்தில் கருகல் நாற்றம். அவன் அம்மா ஓடி வந்து பார்த்தார். பேட்டரி ஊதிப் பெருத்து, புகை வந்துகொண்டிருந்தது. சுவிட்சை நிறுத்தினார். விறகுக் கட்டையால் பேட்டரியைத் தள்ளி வாசலில் கொண்டுபோய்ப் போட்டு, மண்ணைக் கொட்டினார். அந்தத் தாய் ஐந்து நிமிடம் தாமதித்திருந்தால் அந்த வீடும் தறியும் என்ன ஆகியிருக்கும்?

ஆகவே பேட்டரியைப் பற்றித் தெரிந்துகொள்ளுங்கள்.

இரண்டு வகைப் பேட்டரிகள் அதிகமாக வருகின்றன. ஒன்று நிக்கல் பேட்டரி. இதில் 1.2 வோல்ட் செல் ஆறு இருக்கும். மொத்தம் 7.2 வோல்ட். கொஞ்சம் கனம் அதிகம். ஆனால் கொஞ்சம் முரட்டுத்தனத்தையும் பொறுத்துக்கொள்ளும். முதல் காருக்கு இதுவே நல்லது.

இன்னொன்று லித்தியம் பேட்டரி. ஒரு செல் 3.7 வோல்ட். இரண்டு செல் சேர்ந்தால் 7.4 வோல்ட். கனம் குறைவு, சக்தி அதிகம். கோபமும் அதிகம்! ஒரு செல்லை 4.2 வோல்ட்டுக்கு மேல் ஏற்றக் கூடாது. 3 வோல்ட்டுக்குக் கீழே இறங்க விடக் கூடாது. கார் மெதுவாக ஓடத் தொடங்கினால் உடனே நிறுத்திவிட வேண்டும். "இன்னும் ஒரே ஒரு ரவுண்டு" என்று ஓட்டினால் பேட்டரி கெட்டுப் போகும்.

எந்தப் பேட்டரியாக இருந்தாலும் சில விதிகள் உண்டு. அதற்கென்றே கொடுத்த சார்ஜரில்தான் போட வேண்டும். தறி உள்ள அறையில் போடக் கூடாது. வாசலில் செங்கல்லின் மேல் அல்லது மண் சட்டிக்குள் வைத்துப் போட வேண்டும். பெரியவர் ஒருவர் பக்கத்தில் இருக்க வேண்டும். இரவில் போட்டுவிட்டுத் தூங்கக் கூடாது. ஓட்டி முடித்த சூட்டோடு போடக் கூடாது. ஆறவிட்டுப் போட வேண்டும். ஊதிப் போன பேட்டரியை மறுபடி தொடவே கூடாது.

இன்னொரு விதியும் உண்டு. ஓட்டத் தொடங்கும்போது முதலில் கைக்கருவியைப் போட வேண்டும். பிறகு காரைப் போட வேண்டும். நிறுத்தும்போது முதலில் காரை நிறுத்த வேண்டும். பிறகு கைக்கருவியை நிறுத்த வேண்டும். மாற்றிச் செய்தால் கார் கட்டுக்கு அடங்காமல் பாய்ந்துவிடலாம். குதிரை மேல் ஏறும்போது முதலில் கடிவாளத்தைப் பிடிக்கிறோம் அல்லவா? அதுபோலத்தான்.

தறியும் காரும்

இந்தப் பொழுதுபோக்கு பணக்கார வீட்டுப் பிள்ளைகளுக்குத்தான் என்று பலர் நினைக்கிறார்கள். நான் அப்படி நினைக்கவில்லை. பள்ளிபாளையத்துப் பிள்ளைக்கு இது மற்ற ஊர்ப் பிள்ளைகளைவிட எளிதாக வரும்!

காரணம் சொல்கிறேன்.

தறியில் மேலே கிராங்க் சாப்ட் இரண்டு சுற்றுச் சுற்றினால், அடி சாப்ட் ஒரு சுற்றுச் சுற்றும். ஏன்? மேலே உள்ள பல்சக்கரத்தைப் போல இரண்டு மடங்கு பற்கள் கீழே இருக்கின்றன. காரிலும் இதே கணக்குத்தான். மோட்டாரில் 20 பல் சக்கரம், அது தள்ளுகிற சக்கரத்தில் 80 பல் என்றால், மோட்டார் நாலு சுற்றுச் சுற்றும்போது பெரிய சக்கரம் ஒரு சுற்றுச் சுற்றும். வேகம் குறையும். இழுக்கும் சக்தி கூடும். லாரி மேடு ஏறும்போது டிரைவர் கியரைக் குறைப்பதும் இதற்காகத்தான். லாரிக்குப் பேர்போன நாமக்கல் ஜில்லாப் பிள்ளைக்கு இதைச் சொல்லித் தரவா வேண்டும்?

மோட்டாரை மாற்றும்போது இரண்டு பல்சக்கரத்துக்கும் நடுவில் எவ்வளவு இடைவெளி விடுவது? நெருக்கிப் பூட்டினால் சூடாகிவிடும். தள்ளிப் பூட்டினால் பல் சீவிக்கொண்டு போய்விடும். அதற்கு அளவுகோல், ஒரு துண்டுக் காகிதம்! இரண்டு சக்கரத்துக்கும் நடுவில் காகிதத்தைக் கொடுத்து நெருக்கித் திருகாணியை முடுக்குங்கள். பிறகு சக்கரத்தைச் சுற்றிக் காகிதத்தை வெளியே எடுங்கள். காகிதத்தில் மடிப்பு விழுந்திருக்க வேண்டும். கிழிந்திருக்கக் கூடாது. அதுதான் சரியான அளவு. சேஷசாயி காகித ஆலை இருக்கும் ஊரில் காகிதத்துக்கா பஞ்சம்?

நம் ஊருக்கு உரிய ஒரு தொல்லையும் உண்டு. அது நூல். தறிப்பட்டறை ஓரமாகக் காரை ஓட்டினால் கழிவு நூலும் பஞ்சும் அச்சில் சுற்றிக்கொள்ளும். கார் திணறும். மோட்டார் சூடாகும். வீட்டுக்கு வந்ததும் சக்கரத்தைக் கழற்றி, சுற்றியிருக்கும் நூலை எடுத்துவிட வேண்டும். பழைய பெயிண்ட் பிரஷால் புழுதியைத் தட்ட வேண்டும். தண்ணீர் ஊற்றிக் கழுவக் கூடாது.

நாலு ஆலன் கீ, ஒரு திருப்புளி, ஒரு பிரஷ், கொஞ்சம் கிரீஸ். இவ்வளவு இருந்தால் போதும். வீடே ஒர்க்ஷாப் ஆகிவிடும்.

எங்கே ஓட்டுவது?

ரோட்டில் ஓட்டவே கூடாது. ஈரோடு போகும் காவிரிப் பாலத்தின் பக்கம் கொண்டுபோகவே கூடாது. கார் போனால் வாங்கலாம். காரைத் துரத்திக்கொண்டு ஓடும் பிள்ளை போனால் வாங்க முடியுமா?

ஞாயிற்றுக்கிழமை காலையில் பள்ளி மைதானத்தில், தலைமை ஆசிரியரிடம் அனுமதி வாங்கிக்கொண்டு ஓட்டலாம். நெல் காயாத களத்தில் ஓட்டலாம். வேடிக்கை பார்க்கும் சின்னப் பிள்ளைகள் ஓட்டுகிறவனுக்குப் பின்னால் நிற்க வேண்டும். நாய், ஆடு, கோழியைத் துரத்தி ஓட்டுவது வீரம் அல்ல.

ஓட்டப் பழகுவதற்கு ஒரு வழி. நாலு செருப்பைத் தரையில் வரிசையாக வையுங்கள். அவற்றுக்கு நடுவே வளைந்து வளைந்து ஓட்டுங்கள். கார் நம்மை விட்டுப் போகும்போது எல்லாம் சரியாக இருக்கும். திரும்பி நம்மை நோக்கி வரும்போது இடது வலதாகிவிடும், வலது இடதாகிவிடும்! இங்கேதான் எல்லாரும் மோதுவார்கள். "நான் காருக்குள் உட்கார்ந்திருக்கிறேன்" என்று நினைத்துக்கொண்டு ஓட்டினால் பழகிவிடும்.

நாலு வீட்டுக்கு ஒரு கார்

இப்போது பணத்துக்கு வருவோம்.

இன்று தொடங்குகிறவர்களுக்கு ஏற்ற நல்ல சின்னக் கார் வாங்க ஏழெட்டு ஆயிரம் ரூபாய் ஆகிவிடுகிறது. பெரும்பாலும் வெளிநாட்டுச் சாமான். 2020-ல் வெளிநாட்டுப் பொம்மைகளின் மீது சுங்க வரி 20 சதவீதத்திலிருந்து 60 சதவீதமாக உயர்ந்தது. 2023-ல் 70 சதவீதமாயிற்று. உள்நாட்டுத் தொழில் வளர இது நல்லதுதான். ஆனால் வாங்குகிறவன் கையைக் கடிக்கிறது.

இந்தப் பணத்தைத் தறித் தொழிலாளி தனியாகப் போட முடியுமா? முடியாது. போடவும் வேண்டாம்!

எங்கள் தெருவில் நாங்கள் செய்ததைச் சொல்கிறேன். நாலு வீட்டுக்காரர்கள் சேர்ந்தோம். தைப் பொங்கலன்று ஒரு உண்டியல் வைத்தோம். வாரத்துக்கு வீட்டுக்கு 50 ரூபாய். 40 வாரத்தில் ஒரு வீட்டுக்கு 2,000 ரூபாய். நாலு வீட்டுக்கு 8,000 ரூபாய். தீபாவளிக்குக் கார் வந்துவிட்டது! ஒரு பைசா கடன் இல்லை. வட்டி இல்லை. பாக்கி இல்லை.

கார் வந்ததும் வேலையைப் பங்கு போட்டோம். ஒரு பிள்ளை பேட்டரிக்குப் பொறுப்பு. ஒரு பிள்ளை திருகாணிக்குப் பொறுப்பு. ஒரு பிள்ளை கணக்கு நோட்டு எழுத வேண்டும். இன்று எத்தனை நிமிடம் ஓடியது, என்ன உடைந்தது, என்ன விலை என்று எழுத வேண்டும். இன்னொரு பிள்ளை மைதானத்தில் காவல். மாதத்துக்கு ஒரு முறை வேலையை மாற்றிக்கொள்வார்கள். வாரம் வீட்டுக்கு 10 ரூபாய் உதிரிப் பாகத்துக்குச் சேர்கிறது.

ஒரு பேட்டரி பத்துப் பதினைந்து நிமிடம்தான் ஓடும். அதை நாலு பேர் பங்கிட்டால் ஆளுக்கு மூன்று நாலு நிமிடம். "இதற்காகவா 40 வாரம் காத்திருந்தோம்?" என்று முதல் நாள் பிள்ளைகள் முகம் வாடினார்கள். ஆனால் மீதி நேரம் என்ன செய்தார்கள் தெரியுமா? கழற்றினார்கள். துடைத்தார்கள். மாட்டினார்கள். சண்டை போட்டார்கள். சமாதானம் ஆனார்கள். காரை ஓட்டியதைவிடக் கழற்றியதில் அவர்களுக்கு மகிழ்ச்சி அதிகம்!

அந்த நாலு பேரில் ஒருத்தி பெண். செருப்புக்கு நடுவே ஓட்டுவதில் அவளை மிஞ்ச ஆள் இல்லை. கியருக்குக் காகிதம் வைப்பதும் அவள்தான். "பொம்பளைப் பிள்ளைக்குக் கார் எதுக்கு?" என்று கேட்ட அவள் அப்பாரு, இப்போது ஞாயிற்றுக்கிழமை காலையில் கயிற்றுக் கட்டிலைத் தூக்கிக்கொண்டு மைதானத்துக்கு வந்துவிடுகிறார்!

வீண் செலவா?

"வயிற்றுக்கே போதாத கூலி. இதில் கார் விளையாட்டா?" என்று சிலர் கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. சிரித்து ஒதுக்கிவிடக் கூடாது.

என் பதில் இது. விளையாட்டு வேண்டாம் என்று சொன்னால் பிள்ளை விளையாடாமல் இருப்பானா? செல்போனை எடுத்துக்கொள்வான். அதற்கும் மாதாமாதம் பணம் கட்டுகிறோம். அதில் கார் ஓட்டுகிறான். அந்தக் கார் மோதினால் உடையாது. உடையாத காரைப் பழுது பார்க்க முடியாது. பழுது பார்க்காத கை எதையும் கற்காது.

நாங்கள் சின்ன வயதில் நுங்கு வண்டி ஓட்டினோம். சாப்பிட்டுவிட்டுப் போட்ட இரண்டு நுங்குக் கூந்தல், ஒரு குச்சி, ஒரு கவைக் கோல். வண்டி தயார்! செலவு இல்லை. சக்கரம் ஒரு பக்கம் இழுத்தால் நாங்களே சீவிச் சரி செய்தோம். ரேடியோ காரும் நுங்கு வண்டிக்குத் தம்பிதான். கோலுக்குப் பதில் அலை வந்திருக்கிறது. அவ்வளவுதான் வித்தியாசம். நுங்கு வண்டியையே செய்து ஓட்டாத பிள்ளைக்கு நேரே ரேடியோ கார் வாங்கிக் கொடுக்காதீர்கள். முதலில் இதைச் செய்யச் சொல்லுங்கள். கை எப்படி வேலை செய்கிறது என்று தெரிந்துவிடும்.

இன்னொன்றும் சொல்கிறேன். நம் பிள்ளைகள் தறிக்கு வரக் கூடாது, படிக்க வேண்டும் என்று நாம் ஆசைப்படுகிறோம். சரிதான். ஆனால் தறியோடு சேர்ந்து நம் கைக்கு வந்த வித்தையும் அவர்களுக்கு வராமல் போகலாமா? சத்தத்தைக் கேட்டே எங்கே பழுது என்று சொல்கிற காது, ஒரு திருகாணியை எவ்வளவு முடுக்குவது என்று அறிந்த விரல், இவை புத்தகத்தில் கிடைக்காது. விளையாட்டில் கிடைக்கும்.

கோயமுத்தூர் ஜி.டி. நாயுடுவைத் தெரியாதவர் இல்லை. சின்ன வயதில் ஒரு வெள்ளைக்கார அதிகாரியின் மோட்டார் சைக்கிளைப் பார்த்தார். அதன் மேல் ஆசை வந்தது. அழவில்லை. சாப்பாட்டை மறுக்கவில்லை. கோயமுத்தூருக்குப் போய் ஓட்டலில் வேலை செய்தார். காசு சேர்த்தார். வண்டியை வாங்கினார். வாங்கியதும் ஓட்டித் திரியவில்லை. துண்டு துண்டாகக் கழற்றிப் பார்த்து, மறுபடியும் பூட்டினார்! 1920-ல் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் நடுவே பஸ் விட்டார். பிறகு எத்தனையோ இயந்திரங்களைச் செய்தார்.

முதலில் சேமிப்பு. பிறகு வாங்குதல். பிறகு கழற்றிப் பார்த்தல். வரிசை இதுதான். நாம் என்ன செய்கிறோம்? முதலில் கடன், பிறகு பளபளப்பு, பிறகு குப்பை!

பிறகு என்ன நடந்தது?

தலையைச் சொறிந்துகொண்டு நின்ற அந்தத் தொழிலாளியின் கதையை முடிக்கவில்லையே!

பட்டறைக்கு வெளியே அவரை நிறுத்திப் பேசினேன். "அண்ணா, இன்னிக்குப் பாக்கி வாங்காதீங்க. ஞாயித்துக்கிழமை பையனை மைதானத்துக்குக் கூட்டிட்டு வாங்க" என்றேன்.

வந்தார்கள். எங்கள் பிள்ளைகள் அந்தப் பையனுக்கு மூன்று நிமிடம் ஓட்டக் கொடுத்தார்கள். இரண்டு முறை செருப்பில் மோதினான். ஒரு முறை சுவரில் மோதினான். முன் கை உடைந்துவிட்டது.

பையன் நடுங்கிப் போனான். அவன் அப்பா பையைத் தடவினார்.

எங்கள் பெண் பிள்ளை நோட்டை எடுத்தாள். தேதி போட்டு, "முன் கை ஒன்று" என்று எழுதினாள். டப்பாவைத் திறந்து புதுக் கையை எடுத்தாள். ஆலன் கீயைப் பையனிடம் நீட்டினாள். "நீயே மாட்டு. நான் சொல்லித் தாரேன்" என்றாள்.

கால் மணி நேரத்தில் கார் மறுபடி ஓடியது. அந்தப் பையன் முகத்தைப் பார்க்க வேண்டுமே! ஓட்டியபோது இல்லாத வெளிச்சம் மாட்டியபோது வந்தது.

"அப்பா, கார் வேண்டாம். உண்டியல் வாங்கிக் குடு" என்றானாம், வீட்டுக்குப் போகும் வழியில்.

உண்டியல் மண்ணால் செய்தது. சில ரூபாய்தான். பாக்கி வாங்கத் தேவையில்லை!